இந்த மாச கதைக்கு ஐடியா

எல்லாருக்கும் வணக்கம். போன மாச கதைகள்ல நல்லவன் ரொம்ப நல்லவனாவே இருந்தான், போர் அடிச்சுது, அதனால இந்த தடவை நன்றிக்கடன்ல கொஞ்சம் சிக்கல் வேணும். 1964ல பர்மா அரசாங்கம் கடையெல்லாம் எடுத்துக்கிட்டப்போ இந்தியாவுக்குக் கப்பல் ஏறுற ரங்கூன் தமிழ்க் குடும்பம் ஒண்ணு பக்கத்து வீட்டு பர்மாக்காரம்மாகிட்ட நகைய குடுத்துட்டுப் போகுது, பல வருசம் கழிச்சு வந்து கேட்டா வளையல் இருக்கு சங்கிலி இல்ல, புள்ள ஆஸ்பத்திரி செலவுக்கு வித்துட்டேன்னு சொல்லிட்டு டீ ஊத்தி வைக்குது அந்தம்மா. கும்பிடுறதா, சண்டை போடுறதா? இல்லன்னா 1930கள்ல பர்மாவுல நெல்லு விலை விழுந்தப்போ, ஒரு விவசாயி வீட்டுக் கல்யாணத்துக்குக் கடன் குடுத்த அதே செட்டியார் வட்டிக்கடை கணக்குப்பிள்ளை அந்த விவசாயி வயல எழுதி வாங்க வர்றாரு, அவரு பக்கத்துலேர்ந்து எழுதுங்க (கஷ்டம்தான், எனக்கு இதுதான் புடிச்சிருக்கு). 1942ல ஜப்பான் படை வந்தப்போ பர்மாவுலேர்ந்து இந்தியாவுக்கு நடந்தே தப்பி வந்த கதை வேணாம், எல்லாரும் அழ வச்சிடுறீங்க. ஒரு பக்கம் போதும், ஞாயித்துக்கிழமைக்குள்ள போடுங்க, தமிழ் டைப் பண்ண வராத பசங்க வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம்.