அடிச்சு வாங்கின வாக்குமூலமும் ஒரு கொரியப் படமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்கட சினிமாப் பக்கத்தில கொரியப் படங்களைப் பற்றி வாறது குறைவு, வந்தாலும் காதல் நாடகங்களோட நிண்டிடுது. பொங் ஜுன் ஹோ 2003 இல எடுத்த 'மெமரீஸ் ஒஃப் மேர்டர்' பற்றி ஒருக்கா விரிவா எழுதுங்கோ எண்டு கேட்கத்தான் இந்தக் கடிதம். 'பரசைட்'டுக்கு ஒஸ்கார் எடுத்த அதே ஆள்தான், ஆனா எனக்கு இந்தப் படம் அதைவிட ஒரு படி மேல.

தென்கொரியாவில ஹ்வாசொங் எண்ட பகுதியில 1986 இலயிருந்து 1991 வரைக்கும் பத்துப் பெண்கள் கொல்லப்பட்டவை, அதை வைச்சு எடுத்த கதை. விளைஞ்ச நெல்வயல், ஓரத்தில மூடின வாய்க்கால், அதுக்குள்ள சடலம். வயலும் வாய்க்காலுமா வளந்த எங்கட வன்னிச் சனத்துக்கு அந்த இடம் புதுசா இராது. கொலைகாரன்ர கால் அடையாளம் மண்ணில கிடக்கு, ஒருத்தரும் மறிச்சுக் கட்டேல்லை, சின்னனுகள் ஓடித்திரியுதுகள், உழவு மெசின் ஒண்டு வந்து அதுக்கு மேலால ஏறிப்போகுது, பாத்துக்கொண்டிருக்கிற எங்களுக்கு வயிறு பத்தும்.

பிறகு ஆள் பிடிக்கத் தொடங்கினம். புத்தி கொஞ்சம் குறைஞ்ச ஒரு பொடியனைக் கொண்டுவந்து உதைக்கினம், உதைக்கிற பொலிஸ்காரன் சப்பாத்துக்கு மேல துணி உறை போடுறான், அடையாளம் விழக்கூடாதெல்லோ. கொஞ்ச நேரத்தில அதே பொடியனோட ஒண்டா இருந்து நூடுல்ஸ் சாப்பிட்டு டிவியில துப்பறியும் நாடகம் பாக்கினம். பெரிசா ஒரு வசனமும் இல்லை, ஆனா அந்தச் சாப்பாட்டுக் காட்சிதான் எனக்குப் படத்திலயே ஆகப் பயங்கரமான இடம். சொங் காங் ஹோ அந்த ஊர் பொலிஸ்காரனா அப்பிடியே வாழ்ந்திருக்கிறார். சியோலில இருந்து வாற மற்ற அதிகாரி ஆவணம் பொய் சொல்லாது எண்டு நிக்கிற ஆள், அவரே கடைசியில மழைக்குள்ள கை நீட்டுற நிலைக்கு வந்திடுறார். இன்னொரு இரவில காவலுக்கு ஆள் கேட்டா ஆர்ப்பாட்டம் அடக்கப் போட்டினம் எண்டு பதில் வருது, அது இராணுவ ஆட்சிக் காலம்.

படம் வந்து 16 வருஷத்துக்குப் பிறகு, 2019 இல, டிஎன்ஏ மூலம் உண்மையான ஆளைக் கண்டுபிடிச்சினம். அவன் 1994 இலயிருந்து வேற கொலைக்குச் சிறையில இருந்தவன், வழக்குப் போடுற கால எல்லை எப்பவோ முடிஞ்சுது. அதைவிடக் கொடுமை எட்டாவது கொலைக்கெண்டு பிடிபட்டவற்ர கதை. சின்னனில போலியோ வந்து கால் ஏலாத மனுசன், கிட்டத்தட்ட 20 வருஷம் உள்ளுக்க கிடந்தவர். தன்னை வதைச்சுத்தான் ஒப்புதல் வாங்கினவை எண்டு சொல்லிக்கொண்டே இருந்தவர், 2020 டிசம்பரில நீதிமன்றம் நிரபராதி எண்டு விடுவிச்சுது. ஒருத்தரை அடிச்சு ஒப்புக்கொள்ள வைக்கிற நேரத்தில கொலைகாரன் வெளியில திரியிறான் எண்டு பொங் ஜுன் ஹோ 2003 இலயே காட்டிப்போட்டார்.

எங்கட நாட்டில 1979 இல வந்த பயங்கரவாதத் தடைச்சட்டம் பொலிஸ் உயரதிகாரிக்குக் குடுக்கிற ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியா எடுக்க விடுது. அந்த வாக்குமூலத்தால பிள்ளையளையும் புருசன்மாரையும் வருஷக்கணக்கா உள்ளுக்க விட்டிட்டு இருந்த வீடுகள் வன்னியில இருக்கு. அந்த வீட்டு ஆக்களுக்கு இந்தப் படத்தை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கடைசிக் காட்சியைப் பற்றி எழுதுறவர் தயவுசெய்து வெளியில விடவேண்டாம், சனம் தானாப் பாக்கட்டும். சின்னப் பிள்ளையளோட இருந்து பாக்கிற படமில்லை எண்டதையும் ஒரு வரி போட்டுவிடுங்கோ.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கிளிநொச்சி.