பலகை வேண்டாம் முருகேசா

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. மீனாட்சிக்கு வேலை உறுதியானதில் எங்கள் இருவருக்கும் ரொம்ப மகிழ்ச்சி. இங்கே மழை விட்டதும் என் முழங்கால் வலியும் கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

சரி, உன் பீங்கான் கடை விஷயத்துக்கு வருகிறேன். 'உடைத்தால் முழு விலை' என்று பலகை மாட்டப்போவதாக எழுதியிருந்தாய். அவசரப்படாதே. 2022 மே மாதம் ஹாங்காங்கில் ஒரு பொம்மைக் கடையில், டெலிடபீஸ் என்ற குழந்தைகள் டிவி தொடரில் வரும் 1.8 மீட்டர் உயரப் பொம்மை ஒன்று கீழே விழுந்து நொறுங்கியது. ஐந்து வயதுப் பையன் உதைத்துவிட்டான் என்று கடையில் சொல்ல, அப்பா 33,600 ஹாங்காங் டாலரைக் கட்டிவிட்டு வந்தார். அப்புறம் கேமராப் பதிவு வெளியே வந்தது. பையன் உதைக்கவே இல்லை, பின்னால் சாய்ந்திருக்கிறான், அவ்வளவுதான். ஊரே கடையைத் திட்டியது. மன்னிப்புக் கேட்டு, பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு குழந்தை சாய்ந்தால் விழுகிற பொருளைக் கைக்கெட்டும் இடத்தில் நிறுத்தியது யார்?

நம் நாட்டின் 1930ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டமும், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பொருள் வாங்குபவருக்குச் சொந்தமாகும் வரை அதன் நஷ்டம் விற்பவரைச் சேர்ந்தது என்கிறது. ஆனால் அது அஜாக்கிரதைக்குப் பாதுகாப்பு ஆகாது. முதுகுப்பையோடு குறுகலான இடத்தில் சட்டென்று திரும்புகிறவரும், பிள்ளையை ஓடவிட்டுப் போன் பேசுகிறவரும் பணம் கொடுக்கத்தான் வேண்டும். மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் நடைபாதையில் கொலு பொம்மை விற்பவர்களைப் பார்த்திருப்பாய். கல்யாண செட்டில் நாதஸ்வரக்காரர் கை போய்விட்டால் போவது ஒரு பொம்மை இல்லை, செட் முழுவதும். நவராத்திரி முடிந்தால் அதை யார் கேட்பார்கள்? அங்கே உடைத்துவிட்டு 'தெரியாமல் பட்டுவிட்டது' என்று நழுவுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வரும்.

அதனால் ஆளைப் பார், நடந்ததைப் பார். தானாக வந்து சொல்கிறவரிடம் கொள்முதல் விலை மட்டும் வாங்கு. உடைந்த பொருளிலுமா லாபம் பார்ப்பது? சின்னக் கிண்ணம் என்றால் விட்டுவிடு, அந்தக் குடும்பம் அடுத்த முறையும் உன் கடைக்குத்தான் வரும். பலகைக்கு வைத்திருக்கும் காசில் வாசல் பக்க அலமாரிக்கு ஒரு தடுப்புக் கம்பி போடு.

தீபாவளிக்கு முன்னால் வருகிறோம். ஊறுகாய் ஜாடி இரண்டு எடுத்து வை, காசுக்குத்தான்.

அன்புடன்,
ராமநாதன்