தையல் உள்ளே இருக்கிறது

அன்புள்ள மகனுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். வயிற்றில் நான்கு சிறு பிளாஸ்திரிகள், அவ்வளவுதான். "இதற்கா இத்தனை கலவரம், அடுத்த வாரமே வேலைக்குப் போய்விடலாம் போலிருக்கிறது" என்று கீழே எழுதியிருந்தாய். அறுவை அரங்கில் செவிலியாக இருந்தவள் உன் அம்மா. ஆகவே அந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

உனக்கு வந்தது வெறும் அல்சர் அல்ல. புண் இரைப்பையின் சுவரையோ, அதை அடுத்துத் தொடங்கும் முன்சிறுகுடலின் சுவரையோ முழுவதுமாக அரித்து ஓட்டையாக்கி, அமிலமும் உணவும் காற்றும் வயிற்றறைக்குள் கொட்டிவிட்ட நிலை அது. உன்னை நிற்க வைத்து எடுத்த மார்பு எக்ஸ்ரேயில், மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்துக்குக் கீழே பிறை வடிவில் காற்று தெரிந்ததால்தான் அன்றிரவே அரங்குக்குக் கொண்டுபோனார்கள். இந்த நோயில் கடந்துபோகும் ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்தைக் கூட்டும். வலி வந்தவுடனே நீ மருத்துவமனைக்குப் போனதுதான் உன்னைக் காப்பாற்றியது.

உனக்குச் செய்த நுண்துளை அறுவையில் (லேப்ராஸ்கோப்பி) முதலில் தொப்புள் அருகே ஒரு குழாயைச் செலுத்தி, கரியமில வாயுவால் வயிற்றை உப்ப வைத்து, கேமராவை உள்ளே விடுவார்கள். திரையில் முதலில் தெரிவது பித்தம் கலந்த பச்சை நீரும், ஈரலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும் சீழ்ப்படலமும்தான். அதை உறிஞ்சியெடுத்த பிறகு ஓட்டை தென்படும்; பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. குடலை மூடித் தொங்கும் கொழுப்புத் திரையிலிருந்து ஒரு நுனியை இழுபடாமல் மேலே கொண்டுவந்து, ஓட்டையின்மேல் வைத்து, தையல் நூலால் கட்டுவார்கள். முடிச்சு தளர்ந்தால் ஒட்டு நழுவிவிடும், இறுகினால் கொழுப்புக்கு இரத்தம் போகாமல் அது செத்துவிடும்; நீண்ட கருவியின் நுனியால் அந்த முடிச்சைப் போடும் நேரத்தில் அரங்கில் யாரும் பேசமாட்டோம். பிறகு உப்புக்கரைசலை லிட்டர் லிட்டராக ஊற்றி, உறிஞ்சும் நீர் தெளியும்வரை கழுவுவார்கள். கொழுப்பை வைத்து அடைக்கும் இந்த முறை புதிதல்ல. கனடிய அறுவை மருத்துவர் ரோஸ்கோ கிரகாம் 1937இலேயே இப்படி ஒன்றை எழுதிவைத்தார். வயிற்றைத் திறக்காமல் நுண்துளை வழியே செய்வது 1990 வாக்கில் வந்தது.

ஆக, வயிற்றைக் கிழித்துச் செய்திருந்தாலும் உள்ளே போட்டிருக்கும் ஒட்டு இதே ஒட்டுதான். துளை வழியே செய்ததால் உனக்கு வலி குறைவு, வெளிக்காயம் சீழ்பிடிக்கும் வாய்ப்பும் குறைவு. உள்ளே ஆற வேண்டிய புண்ணுக்கோ வெளியே எத்தனை அங்குலம் வெட்டினார்கள் என்பது தெரியாது. அது வாரக்கணக்கில்தான் ஆறும். எனவே மருத்துவர் சரி என்று சொல்லும்வரை, குறைந்தது ஒரு மாதமாவது, கனமான எதையும் தூக்காதே. உணவைச் சிறிது சிறிதாகப் பல வேளை சாப்பிடு. நடையை மட்டும் குறைக்காதே. காலில் இரத்தம் உறையாமல் இருக்கவும் நுரையீரலில் சளி தங்காமல் இருக்கவும் அதுவே மருந்து. இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும்.

தோள்பட்டை வலிக்கிறது என்றாயே, முதல் சில நாள்களுக்கு அது இயல்பு. உப்ப வைத்த வாயு உதரவிதானத்தை உறுத்துவதைத் தோள் வலியாக உணர்கிறாய். ஆனால் அந்த வலி குறையாமல் கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, ஓய்வாகப் படுத்திருக்கும்போதும் நெஞ்சு படபடத்தாலோ, வயிறு மறுபடியும் உப்பி இறுகினாலோ, ஒட்டு கசிகிறதா, உள்ளே சீழ்க்கட்டி சேர்ந்திருக்கிறதா என்று உடனே பார்த்தாக வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்காதே.

நேரத்துக்குச் சாப்பிடாததாலும் காரத்தாலும்தான் இது வந்தது என்று உறவினர்கள் உனக்குப் போனில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். கேட்டுக்கொள், வாதாடாதே. உண்மையில் பெரும்பாலான புண்களுக்குக் காரணம் இரண்டு: ஒன்று ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமி, மற்றொன்று நீ முதுகுவலிக்கு மாதக்கணக்கில் விழுங்கிய இபுபுரூஃபன் வகை மாத்திரைகள். சாப்பிட்டபின் போட்டுக்கொண்டால் வயிற்றை ஒன்றும் செய்யாது என்று நம்பாதே. அவை இரத்தத்தில் கலந்த பிறகும் இரைப்பையின் பாதுகாப்புப் படலத்தைக் கெடுக்கின்றன. புகையும் புண்ணை ஆறவிடாது. அதைப் பற்றி இதற்குமேல் எழுதமாட்டேன், உனக்குத் தெரியும். அந்தக் கிருமியைக் கண்டறிந்த ராபின் வாரனுக்கும் பாரி மார்ஷலுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. நம்பாதவர்களுக்குக் காட்டுவதற்காக மார்ஷல் 1984இல் கிருமிக் கரைசலைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். கிருமி இருந்தால் ஆன்டிபயாடிக் மாத்திரைகளை ஒருவேளைகூட விடாமல் முடித்து, நான்கு வாரமாவது கழித்து, அது ஒழிந்ததா என்று மூச்சுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை அந்தப் பரிசோதனையைக் குழப்பும் என்பதால், அதை இரண்டு வாரம் முன்பே நிறுத்தலாமா என்று மருத்துவரிடம் கேள்.

இன்னொன்று. ஓட்டை முன்சிறுகுடலில் இருந்ததா, இரைப்பையிலேயே இருந்ததா என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் பார். இரைப்பையில் என்றால், புற்றுநோய் இல்லை என்று உறுதிப்படுத்தச் சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பதும், ஆறேழு வாரத்துக்குப் பின் எண்டோஸ்கோப்பி செய்து புண் ஆறிவிட்டதைக் கண்ணால் காண்பதும் வழக்கம். பயப்படச் சொல்லவில்லை, தள்ளிப்போட வேண்டாம் என்கிறேன். அந்தச் சம்மரியின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து இன்றே எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா