கிராங்க் சீல் கொடுத்த பெரியவருக்கு

ஐயா, பெயரைக் கேட்பதற்குள் கிளம்பிவிட்டீர்கள். அதனால்தான் இந்தப் பதிவு.

பழைய ஜாவா 250 பைக் ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்தேன். ஸ்டார்ட் ஆகும், ஆனால் வெள்ளைப் புகை நிற்காது. கியர் ஆயிலும் குறைந்துகொண்டே வந்தது. ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். உதிரிபாகக் கடையில் பிஸ்டன் ரிங் கேட்டு நின்றபோது, பக்கத்தில் இருந்த நீங்கள், "ஆயில் குறையுதா தம்பி?" என்றீர்கள். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் தண்டு சுழலும் அறைதான் பெட்ரோல் கலவையை உள்ளே இழுக்கிறது, கிளட்ச் பக்கத்துச் சீல் (அந்தத் தண்டைச் சுற்றி அடைக்கும் ரப்பர் வளையம்) தேய்ந்தால் கியர் ஆயிலையும் சேர்த்து இழுத்து எரித்துவிடும் என்று ஒரு பழைய பில்லின் பின்பக்கம் படம் போட்டே காட்டினீர்கள்.

அதுவே பெரிய உதவி. அப்புறம் நீங்களாகவே வீட்டுக்குப் போய், பத்திரமாக வைத்திருந்த ஒரிஜினல் சீலை எடுத்துவந்து கையில் வைத்தீர்கள். காசு வாங்கவே இல்லை. (ஒரிஜினல் பாகத்தை யாராவது சும்மா தருவார்களா? பழைய வண்டி வைத்திருப்பவர்களைக் கேளுங்கள்.) "சீலோட உள்விளிம்பு உதட்டுல எண்ணெய் தடவாம மாட்டிடாத" என்று மட்டும் சொன்னீர்கள்.

தடவித்தான் மாட்டினேன். புகை அடங்கிவிட்டது, ஆயிலும் குறையவில்லை. ரொம்ப நன்றி ஐயா. இதைப் பார்த்தால் ஒரு வரி எழுதுங்கள், வண்டியைக் கொண்டுவந்து காட்டுகிறேன். நீங்கள் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்க வேண்டும்.