கேப் காட் செல்லும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பு நண்பர்களே,

கோடை வந்துவிட்டால் பாஸ்டனிலிருந்து கேப் காட் தீபகற்பம் நோக்கிப் போகும் கார்களில் நம்மவர்களின் கார்களும் இருக்கும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மாவை ஏற்றிக்கொண்டு, அமெரிக்க அதிபராக இருந்த ஜான் கென்னடியின் வீட்டைக் காட்டிவிட்டு வரலாம் என்று கிளம்புகிறோம். அந்த ஆசையில் தவறில்லை. நம் பெற்றோரின் தலைமுறை அவரை அயல்நாட்டுத் தலைவராக மட்டும் பார்த்ததில்லை. ஆனால் அந்த வீடு இருக்கும் ஹயானிஸ் போர்ட்டின் குறுகிய தெருக்களில் காரை நிறுத்தி, வேலிக்கு மேல் கைபேசியைத் தூக்கிப் பிடித்துப் படமெடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

அங்கே இருப்பவை குடியிருக்கும் வீடுகள். அதிபரின் தந்தை ஜோசப் கென்னடி 1920களில் வாங்கிய பெரிய வெள்ளை வீடும், மகன்கள் ஜானும் ராபர்ட்டும் பிற்பாடு பக்கத்திலேயே வாங்கிய வீடுகளும் சேர்ந்ததுதான் அந்த வளாகம். 1972இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டதால் யாரும் உள்ளே போகலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். அப்படியில்லை. பக்கவாதத்தால் பேச்சிழந்திருந்த ஜோசப்பிடம், ஜான் கொல்லப்பட்ட செய்தியை மறுநாள் இளைய மகன் எட்வர்ட் சொன்னது அந்த வீட்டில்தான். 1969இல் ஜோசப்பும் 2009இல் எட்வர்டும் கண்மூடியது ஹயானிஸ் போர்ட்டில்தான். இத்தனை துக்கம் கண்ட வீட்டின் வாசலில் நின்று வேடிக்கை பார்க்க நமக்கு எப்படி மனம் வரும்?

ஹயானிஸ் போர்ட் வேறு, ஹயானிஸ் வேறு. கார் போக வேண்டியது ஹயானிஸுக்கு. அங்கே மெயின் ஸ்ட்ரீட்டில் கென்னடி அருங்காட்சியகம் இருக்கிறது. கொஞ்ச தூரத்தில், சவுத் ஸ்ட்ரீட்டில், 1960 அதிபர் தேர்தலில் வென்ற மறுநாள் ஜான் கென்னடி நாட்டு மக்களிடம் பேசிய படைக்கலக் கட்டடம் நிற்கிறது. துறைமுகத்தை ஒட்டிய ஓஷன் ஸ்ட்ரீட்டில் 1966இல் திறந்த நினைவிடம்: கல்சுவரில் அவர் முகம், எதிரே நீரூற்று, அப்பால் விரிகுடா. நடக்க முடியாத பெரியவர்களும் உட்கார்ந்து பார்க்கலாம்.

அருங்காட்சியகத்துக்கு அருகிலுள்ள புல்வெளியில் இன்னொரு சிலை உண்டு. அதைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். அவர் ஐயனோ, அந்த மண்ணின் பூர்வகுடித் தலைவர். ஊரின் பெயரே அவருடையதுதான். 1621இல் வழிதவறிய வெள்ளைக்காரச் சிறுவன் ஒருவனைத் தேடி வந்த குடியேறிகளுக்கு விருந்தளித்து, அவனை மீட்கவும் துணைநின்றவர். இரண்டே ஆண்டுகளில், அதே குடியேறிகளின் தாக்குதலுக்கு அஞ்சிச் சதுப்பு நிலத்தில் ஒளிந்திருந்து, நோயுற்று இளம் வயதிலேயே இறந்துபோனார். கென்னடி கதையைச் சொல்லும்போது குழந்தைகளுக்கு இவர் கதையையும் சொல்லுங்கள்.

அதன்பிறகு ஆறாம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்து ஈஸ்ட்ஹாம் போய்விடுங்கள். என்னைக் கேட்டால், கென்னடியைப் பார்க்க உண்மையில் போக வேண்டிய இடம் அதுதான். சாத்தமிலிருந்து ஈஸ்ட்ஹாம் வழியாக ப்ராவின்ஸ்டவுன் வரை ஏறத்தாழ 40 மைல் அட்லாண்டிக் கரையைப் பொதுமக்களுக்காகக் காக்கும் மசோதாவை, செனட்டராக இருந்தபோது குடியரசுக் கட்சியின் சக செனட்டர் சால்டன்ஸ்டாலுடன் சேர்ந்து கொண்டுவந்தவர் அவர். அதிபரானபின் 1961 ஆகஸ்ட் 7 அன்று அதில் கையெழுத்திட்டவரும் அவரே. உள்ளூரில் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. அங்கே ஏற்கெனவே குடியிருந்தவர்கள் வீடுகளை வைத்துக்கொள்ளவும் சட்டம் இடம் தந்தது. கடலோர நிலம் மனை மனையாக விலைபோய்க்கொண்டிருந்த காலத்தில், பெரும் செல்வந்தர் வீட்டுப் பிள்ளை ஒருவர் பொதுக் கரைக்காகப் பாடுபட்டதை நான் மிகவும் மதிக்கிறேன்.

அங்கே உங்களை யாரும் தடுக்க மாட்டார்கள். சுறா எச்சரிக்கைக் கொடி பறந்தால் மட்டும் தண்ணீரில் இறங்காதீர்கள்; கடற்பறவைகள் கூடுகட்டியிருக்கும் மணல்பகுதியைக் கயிறு கட்டி ஒதுக்கியிருந்தால் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

அன்புடன்,
அந்தக் கரையை நேசிக்கும் ஒருவர்