கணினி லேப்பில் இருக்கும் லினக்ஸை அழித்துவிடாதீர்கள்: பள்ளி பி.டி.ஏ.வுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பி.டி.ஏ. உறுப்பினர்களுக்கு,

வணக்கம். கேரளத்தின் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து நம் தமிழ்வழிப் பள்ளியில் படித்தவன் நான். இப்போது என் மகளும் அங்கேதான் படிக்கிறாள். முன்னாள் மாணவர்கள் கொடுத்த பழைய கணினிகளில் வீடியோ ஓடவில்லை, அதனால் அவற்றில் இருக்கும் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை அழித்துவிட்டுப் பொள்ளாச்சியிலிருந்து ஆள் கூப்பிட்டு உரிமம் இல்லாத கிராக் விண்டோஸ் போட்டுவிடலாம் என்று போன கூட்டத்தில் பேச்சு வந்ததாம். கேட்டதும் மனசு பொறுக்கவில்லை. சனிக்கிழமை முழுக்க லேப்பில் உட்கார்ந்து ஒவ்வொரு கணினியாகப் பார்த்தேன். தயவுசெய்து அந்த முடிவை நிறுத்தி வையுங்கள்.

இரண்டு கணினிகளில் தேதி 2009 என்று காட்டியது. மதர்போர்டில் காசு மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கிறது. நெட்டிலிருந்து நேரம் எடுக்கும் வசதியையும் யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள். தேதி இவ்வளவு பின்னால் போனால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழை பிரவுசர் ஏற்காது. பக்கமே திறக்காதபோது வீடியோ எங்கிருந்து ஓடும்? பேட்டரி மாற்றினேன், சரியாகிவிட்டது.

வேறு நான்கில் யூடியூப் ஓடியது, பாடத் தளங்களின் எம்பி4 வீடியோக்கள் மட்டும் கறுப்புக் கட்டமாக நின்றன. அவை எச்.264 முறையில் சுருக்கப்பட்டவை. அதற்குக் காப்புரிமை இருப்பதால் லினக்ஸ் வகைகள் பலவும் அதைப் பிரித்துப் படமாகக் காட்டும் கோடெக் என்ற மென்பொருளை முதலிலேயே சேர்த்துத் தருவதில்லை. நம்மிடம் இருக்கும் உபுண்டு என்ற லினக்ஸ் வகையை நிறுவும்போது கூடுதல் மீடியா வடிவங்கள் வேண்டுமா என்று ஒரு கட்டம் கேட்கும். நம் கணினிகளில் அந்த டிக் விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான். 'உபுண்டு ரெஸ்ட்ரிக்டட் எக்ஸ்ட்ராஸ்' என்ற தொகுப்பை நிறுவினால் போதும். நடுவில் எழுத்துரு உரிம ஒப்பந்தம் ஒன்று வந்து நிற்கும், அங்கே மவுஸ் வேலை செய்யாது. டேப் விசையை அழுத்தி ஓகேக்குப் போய் என்டர் தட்ட வேண்டும். தெரியாமல் ஜன்னலை மூடினால் அடுத்து எதையும் நிறுவ முடியாமல் பூட்டிக்கொள்ளும். ஒரு கணினி அப்படித்தான் கிடந்தது.

மிச்சம் இருந்தவைதான் பிள்ளைகளை அதிகம் வாட்டியவை. "படம் நின்னுக்குது, சத்தம் மட்டும் ஓடுதுங்கண்ணா" என்றாள் ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளை. வீடியோ மேல் வலது கிளிக் செய்து, அதன் தொழில்நுட்ப விவரங்களைக் காட்டும் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' திறந்து பார்த்தேன். கோடெக் விபி9 என்று இருந்தது. யூடியூப் இப்போது பெரும்பாலும் விபி9, ஏவி1 என்ற புதிய முறைகளில்தான் அனுப்புகிறது. இன்டெல் பிராசஸர்களில் விபி9-ஐ முழுமையாக வன்பொருளிலேயே, அதாவது சிப்பில் அதற்கென உள்ள தனிப்பகுதியிலேயே, பிரிக்கும் திறன் ஏழாம் தலைமுறையில் வந்தது. ஏவி1-க்குப் பதினொன்றாம் தலைமுறை வேண்டும். நம்முடையவை மூன்றாம் தலைமுறை. அதனால் மொத்தப் பாரமும் பிராசஸர் தலையில் விழுந்து, விசிறி இரைந்து, படம் உறைகிறது. ஆனால் இதே பழைய சிப்புக்குள் எச்.264-ஐப் பிரிக்கத் தனிப்பகுதி இருக்கிறது! எச்.264-ஐயே கேட்டு வாங்கும் 'என்ஹான்ஸ்டு எச்264இஃபை' நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரில் போட்டேன். அந்தத் தனிப்பகுதியைப் பயன்படுத்த உதவும் இன்டெலின் பழைய விஏ-ஏபிஐ டிரைவரை நிறுவினேன். லினக்ஸ் ஃபயர்ஃபாக்ஸில் இன்டெல் வன்பொருளிலேயே வீடியோவைப் பிரிக்கும் வசதி 2023-இல் வந்த 115-ஆம் பதிப்பிலிருந்து தானாகவே இயங்குவதால், வேறு எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. படத் தரத்தைக் குறைத்து 480பி-யில் வைத்து ஓட்டியதும் விசிறிச் சத்தம் அடங்கியது. அந்தப் பிள்ளை அறிவியல் பாடம் ஒன்றை முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள்.

சரி, விண்டோஸுக்கு வருகிறேன். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும், நம் கணினிகளில் இரண்டும் இல்லை. கிராக் போட்டால் அதோடு வைரஸும் வரலாம், பிள்ளைகளுக்கு நாமே திருட்டு மென்பொருளைக் கற்றுக்கொடுத்த மாதிரியும் ஆகும். அப்புறம், கேரளத்தின் எஸ்எஸ்எல்சி (பத்தாம் வகுப்பு) ஐடி செய்முறைத் தேர்வை நம் பிள்ளைகள் எழுதுவதே லினக்ஸில்தான். பழக வேண்டியதை அழித்துவிட்டு எதில் பழகுவார்கள்?

உங்களிடம் கேட்பது இரண்டுதான். வெளி ஆளைக் கூப்பிட ஒதுக்கிய பணத்தில் பேட்டரிகளும், பாட வீடியோக்களை இறக்கி வைக்க ஒரு ஹார்ட் டிஸ்க்கும் வாங்குங்கள். மழை நாளில் நெட் போனாலும் வகுப்பு நிற்காது. நான் செய்ததையெல்லாம் தமிழில் ஒரு தாளில் எழுதித் தருகிறேன், அதை லேப் சுவரில் ஒட்ட அனுமதி கொடுங்கள். இன்னும் மூன்று கணினிகள் பாக்கி. வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன், லேப் சாவியை மட்டும் வாட்ச்மேனிடம் கொடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் மாணவன்