மாமியின் பாண் மாஸ்டரின் கணக்கில்

அன்புள்ள தங்கச்சி,

கடைக்காரரின் கடன் கொப்பிக்குப் பதிலாக நீ எழுதிய பைத்தான் புரோகிராமை வடிவாகப் பார்த்தேன். மாமி பாண் வாங்கினால் அது மாஸ்டரின் கணக்கிலும் வந்து நிற்கிறது. கடன் தொகை மட்டும் ஆளுக்காள் சரியாக இருக்கிறது. சாமான் லிஸ்ட், கடன் இரண்டையும் ஒரே இடத்தில்தானே எழுதினேன், ஏன் ஒன்று மட்டும் கலக்கிறது என்று கேட்டிருந்தாய். கேட்கவேண்டிய கேள்விதான். உன்னோடு படிக்கிற பிள்ளைகளும் இதில் மாட்டுப்படுகிறார்கள் என்றபடியால் எல்லாரும் வாசிக்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

வாடிக்கையாளர் என்ற கிளாஸின், அதாவது ஒவ்வொரு ஆளுக்குமான ஒப்ஜெக்டை உருவாக்குகிற அச்சின், மேலேயே இந்த இரண்டு வரியும் இருக்கின்றன:

சாமான்கள் = []
கடன் = 0

ஜாவா படித்துவிட்டு வருகிறவர்களுக்கு இப்படி எழுதத்தான் கை வரும். ஜாவாவில் ஃபீல்டுக்கு, அதாவது ஒப்ஜெக்ட் வைத்திருக்கிற மதிப்பின் பெயருக்கு, பக்கத்தில் புதிய லிஸ்ட் ஒன்றை எழுதிவிட்டால், ஒப்ஜெக்ட் உருவாகிற ஒவ்வொரு தரமும் அது மறுபடி ஓடும். ஸ்டாட்டிக் என்று போட்டால்தான் பொது. பைத்தானில் கிளாஸின் உடல் ஒரே தரம்தான் ஓடும். அப்போது ஒரு லிஸ்ட் பிறக்கிறது, அவ்வளவுதான். பிறகு எத்தனை வாடிக்கையாளரை உருவாக்கினாலும் எல்லாரும் அந்த ஒன்றைத்தான் பார்க்கிறார்கள்.

எங்கள் ஊர்க் காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கு என்று எழுதியிருப்பதைக் கண்டிருப்பாய். காணி வேறு, வேலி வேறு, கிணறு ஒன்று. உறுதியில் இருப்பதால் யாரும் திகைப்பதில்லை. நீயோ பங்கு எழுதாமலே பொதுக் கிணறு ஒன்றை வெட்டி வைத்திருக்கிறாய்.

சரி, அப்படியானால் கடன் ஏன் கலக்கவில்லை? மாமி.கடன் += 300 என்று எழுதும்போது பைத்தான் முதலில் மாமியிடம் கடன் இருக்கிறதா என்று பார்க்கிறது. இல்லை என்றதும் கிளாஸிடம் போய் 0 ஐ எடுக்கிறது. எண்ணை உள்ளேயே மாற்ற முடியாது. அதனால் 300 என்ற புது எண் வருகிறது, அது மாமியின் சொந்தப் பெயரில் பதிவாகிறது. கிளாஸின் 0 அப்படியே கிடக்கிறது. சாமான்களுக்கு நீ லிஸ்டின் கடைசியில் சேர்க்கிற அப்பெண்ட் போட்டாய். அங்கே பதிவு எதுவும் நடக்கவில்லை. கிளாஸிடம் இருந்த லிஸ்டைத் தேடிப் பிடித்து, அதற்குள்ளேயே பாணைப் போட்டுவிட்டது. கடன் சரியாக வந்தது உன் வரி சரி என்பதால் இல்லை, எண்ணின் குணத்தால் தப்பியது.

இதைவிடப் பொல்லாதது ஒன்று இருக்கிறது. அப்பெண்டை விட்டுவிட்டு மாமி.சாமான்கள் += ["பாண்"] என்று எழுதிப் பார். முதலில் பொது லிஸ்டுக்குள்ளேயே பாண் சேரும். அப்புறம் அதே லிஸ்ட் மாமியின் பெயரிலும் பதிவாகும். மாமிக்கு இப்போது சொந்தமாக ஒன்று இருக்கிறது என்று பிழை தேட உதவும் டீபகர் காட்டும். காட்டுவது உண்மை, ஆனால் அது மாஸ்டர் பார்க்கிற அதே லிஸ்ட். இந்த இடத்தில் கண்ணை நம்பாமல் இரண்டு பேரின் சாமான்களுக்கும் ஒப்ஜெக்டின் அடையாள எண்ணைத் தரும் ஐடி ஃபங்ஷனைக் கூப்பிட்டு எண்களை ஒப்பிடு. இரண்டு பேரின் ஒப்ஜெக்டும் புரோகிராமில் இருக்கும்போது எண் ஒன்றாக வந்தால் லிஸ்டும் ஒன்றுதான்.

திருத்துவது சுகம். இனிட் (__init__) என்ற ஃபங்ஷன் ஒவ்வொரு ஒப்ஜெக்டும் உருவாகும்போது ஓடுகிறது, செல்ஃப்.சாமான்கள் = [] என்ற வரியை அதற்குள் வை (செல்ஃப் என்பது உருவாகிற அந்த ஒப்ஜெக்ட்), கடனையும் கூடவே கொண்டுபோ. ஆனால் உன்னை எனக்குத் தெரியும், அடுத்ததாக இனிட்டின் அடைப்புக்குறிக்குள் சாமான்கள்=[] என்று இயல்பு மதிப்பாகப் போட்டுவிடுவாய். அதுவும் ஃபங்ஷனை வரையறுக்கும்போது ஒரு தரம்தான் உருவாகும், பழைய கதைதான். அங்கே நன் (None) என்ற வெற்று மதிப்பை வைத்து, உள்ளே வந்த பிறகு புது லிஸ்ட் உருவாக்கு. வெளியிலிருந்து லிஸ்ட் ஒன்றைத் தந்தால் அதையும் பிரதி எடுத்துத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். லிஸ்டுக்குள் லிஸ்ட் இருந்தால் சாதாரணப் பிரதி மேல் தட்டை மட்டும்தான் பிரிக்கும், அதற்கு உள்ளே இருப்பதையும் பிரதி எடுக்கிற டீப்கொப்பி வேண்டும்.

2018 இல் பைத்தான் 3.7 உடன் வந்த டேட்டாகிளாஸ், இனிட்டைத் தானே எழுதித் தருகிற கிளாஸ், லிஸ்டில் இந்தப் பிழைக்கு இடம் கொடுக்காது. சாமான்கள்: list = [] என்று வகையோடு எழுதி வெறும் லிஸ்டை இயல்பு மதிப்பாக வைத்தால் வேல்யூஎரர் என்ற பிழையோடு நிறுத்திவிட்டு, ஒவ்வொரு ஒப்ஜெக்டுக்கும் புது லிஸ்ட் தருகிற டீஃபால்ட் ஃபாக்டரியைக் கேட்கும். சாதாரண கிளாஸும் இப்படிச் சண்டை பிடித்தால் நல்லது என்று எனக்கு எப்போதும் தோன்றும். உன் விலைப்பட்டியலை மட்டும் கிளாஸிலேயே விட்டுவிடு. அது எல்லாருக்கும் பொதுவாகத்தான் இருக்கவேண்டும்.

உன் டெஸ்டில், அதாவது புரோகிராமைச் சோதிக்க நீ எழுதிய கோட்டில், ஒரே ஒரு வாடிக்கையாளர்தான் இருக்கிறார், அதனால்தான் பிழை அங்கே தெரியவில்லை. இரண்டு பேரை உருவாக்கி, ஒருவருக்கு மட்டும் சாமான் போட்டு, மற்றவரின் லிஸ்ட் வெறுமையாக இருக்கிறதா என்று பார்.

கோட்டைத் திருத்தினாலும் ஏற்கெனவே சேமித்த கோப்பு திருந்தாது. அதில் ஒவ்வொருவர் பெயருக்குக் கீழும் முழுக் கடையின் சாமானும் இருக்கிறது, இனிப் பிரிக்க வழியில்லை. கடைக்காரரிடம் பழைய கொப்பியை வாங்கி மறுபடி பதி. கடன் தொகைகள் சரியாக இருப்பதால், பதிந்த சாமான்களின் விலையைக் கூட்டி அந்தத் தொகையோடு பொருந்துகிறதா என்று ஆளுக்காள் சரிபார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அண்ணா